ஓட்டிட்டு வாங்க

முதல்ல என் நாத்தனாரைப் பத்திச் சொல்லிடறேன். அவங்களைக் கொஞ்சம் திட்டாம எனக்கு இந்தக் கதையை ஆரம்பிக்க வராது.

என் வீட்டுக்காரரோட அக்கா அவங்க. பஸ் டிப்போவுல மெக்கானிக். ஞாயித்துக்கிழமை ஆனா போதும், காலையில எங்க வாசல்ல வந்து நிப்பாங்க. வந்தவங்க என்ன பண்ணணும்? "எப்படிம்மா இருக்கே"ன்னு ஒரு வார்த்தை கேக்கணுமா இல்லையா? தம்பி உடம்பு எப்படி இருக்குன்னாவது விசாரிக்கணுமா இல்லையா? அதெல்லாம் கிடையாது. நேரா எங்க வேன்கிட்ட போய், சாவிக்குக் கையை நீட்டுவாங்க. வாங்கின சாவியை இடுப்புல சொருகிக்கிட்டு பானெட்டைத் தூக்குவாங்க. அதுக்கப்புறம் ரொம்ப நேரத்துக்கு அந்தம்மாவோட முதுகைத்தான் நாம பாத்துக்கிட்டு நிக்கணும்.

சாவி எதுக்கு இடுப்புலன்னா, அவங்க கை உள்ள இருக்கும்போது யாரும் வண்டியை ஸ்டார்ட் பண்ணிடக் கூடாதாம். "உங்க கையை நான் என்ன பண்ணிடப் போறேன் அண்ணி?"ன்னு ஒரு தடவை கேட்டேன்.

"வேணும்னு பண்ண மாட்டே. கோவத்துல பண்ணிடுவே"ன்னாங்க.

எனக்குக் கோவம் வரும்தான், இல்லைங்கல. தொண்டையும் பெரிசு. என் வீட்டுக்காரர் எனக்கு வெச்சிருக்கிற பேரே 'சைரன்'. ஆனா அதைச் சொல்ல அவருக்கு உரிமை இருக்கு. இவங்களுக்கு என்ன வந்துது?

வேன் எங்க பொழைப்பு. லாட்ஜுகள்ல இருந்து அழுக்குப் போர்வை, தலையணை உறை, துண்டெல்லாம் வாரிக்கிட்டு வந்து, சலவைக்குப் போட்டு, தேச்சு மடிச்சு திருப்பிக் கொண்டுபோய்க் கொடுப்போம். முன்னாடி அவர்தான் ஓட்டிக்கிட்டிருந்தார். ரெண்டு கிட்னியும் போனதுக்கப்புறம் நான் ஓட்டறேன். வாரத்துல பாதி நாள் அவரை டயாலிசிஸ்ல கொண்டுபோய்ப் படுக்க வெச்சிட்டு, நான் போர்வை மூட்டையோட ஊர் சுத்துவேன். தாகம் எடுத்தா பாட்டில் மூடியில ஊத்தி ஊத்தித் தண்ணி குடிக்கிற மனுஷனைப் பாத்திருக்கீங்களா? என் வீட்டுல இருந்தார்.

மாத்து கிட்னிக்குப் பேர் பதிஞ்சிருந்தோம். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில. பதிஞ்ச அன்னைக்கே அங்க இருந்த அம்மா கறாரா சொல்லிட்டாங்க: "ஃபோன் எப்ப வேணா வரும். வந்தா போட்டது போட்டபடி கிளம்பிடணும். நாங்க சொல்ற நேரத்துக்குள்ள வந்து சேரலைன்னா அடுத்தவங்களைக் கூப்பிட்டுடுவோம். எடுத்த கிட்னி உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்காது." அன்னையிலேருந்து நான் குளிக்கப் போனாலும் ஃபோனும் கூடவே வரும். வாடகை வண்டிக்காரன் நம்ம அவசரத்துக்கு வருவான்னு என்ன நிச்சயம்? அதனால வேன் எப்பவும் கிளம்பத் தயாரா நிக்கணும். நாத்தனார் வாராவாரம் வந்து குடையறதும் அதுக்குத்தான். அது எனக்கும் புரியாம இல்ல. இருந்தாலும், என் வண்டியை இன்னொருத்தி வந்து சரிபாத்தா எனக்கு எரியுமா எரியாதா?

அதுலயும் அவங்களுக்கு உயிரே அந்த பெல்ட்டுதான். எங்க வேன் பழைய வண்டி. இஞ்சினுக்கு முன்னாடி ஒரே ஒரு பெல்ட்டு. இஞ்சினைக் குளுமையா வெச்சிருக்கிற தண்ணி பம்ப்பு, ஃபேன், பேட்டரிக்கு சார்ஜ் ஏத்தற டைனமோ எல்லாத்தையும் அந்த ஒத்தை ரப்பர்தான் சுத்த வைக்குது. அது வழுக்கினா தண்ணி ஓடாது, இஞ்சின் கொதிச்சுடும். வண்டி நின்னா நின்னதுதான்.

அந்த பெல்ட்டு கொஞ்ச நாளா காலையில ஸ்டார்ட் பண்ணும்போது கத்த ஆரம்பிச்சுது. கீ...ன்னு. தெருவே எழுந்துக்கும். எதிர்வீட்டு வாத்தியார், "உங்க வீட்டுல ரெண்டு சைரன் ஆயிடுச்சு போல"ன்னு கிண்டல் பண்ணார். லாட்ஜ்ல என்னை மாதிரி வண்டி ஓட்டறவங்க ஒரு வழி சொல்லிக் கொடுத்தாங்க. காஞ்ச சோப்புக் கட்டியை எடுத்து பெல்ட்டோட ரெண்டு பக்கமும் நல்லா தேய்ச்சு விடு, சத்தம் போயிடும்னாங்க. தேய்ச்சேன். போயிடுச்சு. எனக்கு ஒரே பெருமை.

அடுத்த ஞாயிறு நாத்தனார் வந்தாங்க. பானெட்டைத் தூக்கினாங்க. மூக்கை உறிஞ்சினாங்க.

"என்னம்மா இது, பெல்ட்டைக் குளிப்பாட்டி விட்டிருக்கே? பவுடர் போடலையா?"

வாசல்ல நாற்காலியில உக்காந்திருந்த என் வீட்டுக்காரர் சிரிச்சுட்டார். எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு.

"சத்தம் நின்னுடுச்சுல்ல? அப்புறம் என்ன?"

"வாயைத்தான் மூடியிருக்கே. வழுக்கறது நிக்கலை. இப்ப முன்னைவிட அதிகமா வழுக்கும்." பெல்ட்டை விரலால புரட்டி அடிப்பக்கத்தைக் காட்டினாங்க. குறுக்க குறுக்க வெடிப்பு விட்டிருந்துது. "இங்க பாரு. பக்கமெல்லாம் பளபளன்னு வேற ஆயிடுச்சு. பெல்ட்டு பளபளன்னு இருந்தா அழகுன்னு நினைச்சியா? தேஞ்சு வழவழத்துப் போச்சுன்னு அர்த்தம். கத்தற பெல்ட்டு நல்லதும்மா, உன்னை மாதிரி. என்ன கோளாறுன்னு ஊருக்கே தெரிஞ்சுடும். நாளைக்கு சாயங்காலம் டிப்போவுல வேலை முடிஞ்சதும் புது பெல்ட்டு வாங்கிட்டு வந்து நானே மாட்டித் தர்றேன். அதுவரைக்கும் வண்டியைத் தொடாதே."

தொடாதேயாம். என் வண்டியை.

மறுநாள் காலையில முதல் வேலையா வேனை எடுத்துக்கிட்டு மெயின்ரோட்டு முனையில இருக்கிற ஒர்க்ஷாப்புக்குப் போனேன். அந்த மெக்கானிக் பழைய பெல்ட்டைப் பாத்ததுமே உச்சு கொட்டிட்டுக் கழட்டிப் போட்டுட்டார். புதுசை மாட்டினார். கட்டைவிரலால அமுக்கிப் பாத்தார், ஸ்டார்ட் பண்ணிப் பாத்தார். கத்தலை. கையைத் துணியில துடைச்சுக்கிட்டே, "அவ்வளவுதான். ஓட்டிட்டு வாங்கக்கா"ன்னார்.

"வர்றேன்பா"ன்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து, "புது பெல்ட்டு போட்டாச்சு, யாரும் கஷ்டப்பட்டு வர வேண்டாம்னு உங்க அக்காவுக்கு ஒரு ஃபோனைப் போட்டுச் சொல்லிடுங்க"ன்னேன். அவர் சொன்னார். நாத்தனார் "சரி"ன்னு மட்டும் சொன்னாங்களாம். சாயங்காலம் வரலை. ஜெயிச்சுட்டேன்னு நினைச்சுக்கிட்டு நாள் முழுக்க மூட்டை ஏத்தி இறக்கினேன்.

அதுக்கடுத்த நாள் காலையில ஃபோன் வந்துது.

"உங்க வீட்டுக்காரருக்குப் பொருந்தற மாதிரி ஒரு கிட்னி கிடைச்சிருக்கு. ஒண்ணும் சாப்பிடக் கொடுக்காதீங்க. மதியத்துக்குள்ள இங்க இருக்கணும். பதட்டப்படாம, பெல்ட் போட்டுக்கிட்டு பத்திரமா வாங்க."

நான் போட்ட கத்தல்ல எதிர்வீட்டு வாத்தியார் ஷேவிங் நுரையோட வெளிய ஓடி வந்துட்டார். உள்ள போய்ப் பாத்தா, என் வீட்டுக்காரர் சட்டையில ஒரு கையை மட்டும் நுழைச்சுக்கிட்டு கட்டில்ல உக்காந்திருக்கார். இன்னொரு கையை எங்க நுழைக்கிறதுன்னே தெரியலை அவருக்கு. நான்தான் நுழைச்சு பட்டன் போட்டு விட்டேன்.

"அக்காவுக்குச் சொல்லு"ன்னார்.

"போற வழியில ஃபோன்ல சொல்லிக்கலாம்."

"அக்கா கூட வரணும். அக்கா இல்லாம நான் வண்டியில ஏற மாட்டேன்." பயந்தா இந்த மனுஷன் சின்னப் புள்ளையா மாறிடுவார்.

டிப்போ வாசல்ல அவங்க காக்கி உடுப்போட நின்னாங்க. கையில ஸ்பானர் பை. ஆபரேஷனுக்குப் போற வீட்டுல எல்லாரும் மாத்துத் துணி எடுத்துக்கிட்டு வருவாங்க, இவங்க ஸ்பானர் எடுத்துக்கிட்டு வந்தாங்க. எங்க வேன்ல முன்னாடி மூணு பேர் உக்காரலாம். அவர் நடுவுல, நாங்க ரெண்டு பேரும் ரெண்டு பக்கம். கல்யாணம் ஆன நாள்லேருந்து அவரோட இடமே அதுதானே.

நான் நேரா அவங்ககிட்ட பேசலை. "உங்க அக்கா கதவை நல்லா சாத்தினாங்களான்னு கேளுங்க"ன்னேன். "சாத்தியாச்சுன்னு சொல்லுடா"ன்னாங்க. நடுவுல இருந்தவர் ரெண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பாத்துட்டு, கண்ணை மூடிக்கிட்டார்.

ஊரைத் தாண்டினோம். ரோடு நல்லா இருந்துது. நேரமும் போதுமான அளவு இருந்துது, ஆனா வீணடிக்க இல்ல. மலை கண்ணுக்குத் தெரிய ஆரம்பிச்சதும் நாத்தனார் தொண்டையைக் கனைச்சாங்க.

"தம்பி, பெல்ட்டு எப்ப போட்டதுன்னு கேளு."

அவர் கண்ணைத் திறந்து நெஞ்சைத் தடவிப் பாத்துக்கிட்டு, "ஏறினதுமே போட்டுட்டேனேக்கா"ன்னார்.

"உன் பெல்ட்டு இல்லடா. வண்டி பெல்ட்டு."

"நேத்து காலையில"ன்னேன் நான், ரோட்டைப் பாத்துக்கிட்டே.

"மாட்டினவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலை."

"ஒண்ணுமே சொல்லலையா?"

"என்ன சொல்லணும்? கிளம்பும்போது ஓட்டிட்டு வாங்கன்னார். அவ்வளவுதான்."

"போனியா?"

"எங்க?"

"ஓட்டிட்டு வான்னாரே. போனியா?"

எனக்கு ஒண்ணும் புரியலை. நீங்களே சொல்லுங்க. கடைக்காரர் "போயிட்டு வாங்க"ன்னா, நாம என்ன மறுபடி கடைக்குள்ளயா நுழையறோம்? "வர்றேன்"னு சொல்றவன் யாரு? கிளம்பிப் போறவன். இதுல போய் 'போனியா'ன்னு கேட்டா நான் என்னன்னு பதில் சொல்வேன்?

"அவர் உனக்கு டாட்டா காட்டலைம்மா"ன்னாங்க நாத்தனார். "புது பெல்ட்டு கொஞ்ச தூரம் ஓடினதும் நல்லா படிஞ்சு உக்காந்து தளர்ந்து போயிடும். எந்த பெல்ட்டா இருந்தாலும் அப்படித்தான். அதான், ஓட்டிட்டுத் திரும்ப வா, இன்னொரு தடவை இறுக்கித் தர்றேன்னு சொல்லியிருக்கார். நேத்து முழுக்க மூட்டை ஏத்தி ஓட்டியிருக்கே. வண்டியை ஓரமா நிறுத்து."

"இப்பவா? நல்லா இருக்கே!"

"இப்பதான். மலை ஏறறதுக்கு முன்னாடி."

"புது பெல்ட்டு அண்ணி! நேத்துதான் போட்டது!"

"புதுசா இருக்கிறதுதான் வம்பே. நிறுத்து."

"நிறுத்த மாட்டேன். நேரம் போயிடும். அங்க அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவாங்க. உங்களுக்கு உங்க ஸ்பானரைத் தவிர வேற ஒண்ணும் கண்ணுக்குத் தெரியாதா? பக்கத்துல உக்காந்திருக்கிறது யாருன்னு தெரியுதா?"

என் கத்தல் எனக்கே காதைக் கிழிச்சுது. அவங்க பதிலுக்குக் கத்துவாங்கன்னு எதிர்பாத்தேன். கத்தியிருந்தா நான் நிறுத்தியிருக்கவே மாட்டேன், சத்தியமா சொல்றேன். அவங்க கத்தலை. தம்பியோட முழங்கால் மேல கையை ஊனி, என் பக்கம் குனிஞ்சு, "ஏம்மா, உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன். நிறுத்தும்மா"ன்னாங்க.

அந்தக் குரலை நான் அதுக்கு முன்னாடி கேட்டதே இல்ல. என் கால் தானா பிரேக்குக்குப் போயிடுச்சு.

ரோட்டோரம் ஒரு மரத்தடியில நிறுத்தினேன். சாவியை உருவி இடுப்புல சொருகிக்கிட்டு இறங்கினாங்க. பானெட்டைத் தூக்கினதும் அனல் மூஞ்சியில அடிச்சுது. நான் பக்கத்துல நின்னு "சீக்கிரம் அண்ணி, சீக்கிரம்"னு உயிரை வாங்கிக்கிட்டிருந்தேன். அவங்க, பெல்ட்டு மாட்டியிருக்கிற ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல அது நீளமா ஓடற இடத்துல கட்டைவிரலை வெச்சு அமுக்கினாங்க. அப்புறம் ரெண்டு விரலால பெல்ட்டைப் பிடிச்சுத் திருப்பினாங்க. அப்படியே நின்னுட்டாங்க.

"இங்க வா. நீயே பாரு. கால்வாசித் திருப்புக்கு மேல திரும்பக் கூடாது."

திருப்பினேன். அது பாட்டுக்குத் திரும்பிக்கிட்டே போச்சு. அமுக்கினேன். துணி காயப்போடற கொடி மாதிரி தொய்ஞ்சு உள்ள போச்சு. வேலைக்காகாத அந்த ரப்பரை நம்பி இவரை உக்கார வெச்சு நான் மலை ஏறப் போனேனே, அடப் பாவி மகளேன்னு என்னையே திட்டிக்கிட்டேன்.

"திட்டிக்கிறதெல்லாம் அப்புறம். ஜாக்கி போடற கம்பியை எடுத்துட்டு வா"ன்னாங்க.

ஓடிப்போய் எடுத்துட்டு வந்தேன். அவங்க டைனமோவோட போல்ட்டைத் தளர்த்தினாங்க. கம்பியை இஞ்சினுக்கும் டைனமோவுக்கும் நடுவுல கொடுத்து என் கையில பிடிச்சு வெச்சாங்க. "நீ வெளிய நெம்பு. நான் இந்தப் பக்கம் முடுக்கறேன். மெல்ல. இன்னும். போதும்."

"இன்னும் கொஞ்சம் இறுக்கிடலாம் அண்ணி. மலையாச்சே."

"போதும்னா போதும். அளவுக்கு மேல இறுக்கினா பம்ப்போட பேரிங்கு போயிடும். உன் கோவத்தைக் கொண்டுவந்து இதுல காட்டாதே."

கம்பியை அசையாம பிடிச்சுக்கிட்டிருந்தேன். அவங்க முழங்கைக்குக் கீழ சூடான எதுலயோ பட்டு ஸ்ஸுன்னு ஒரு சத்தம் வந்துது. ஸ்பானரை விடலை அவங்க. முடுக்கி முடிச்சிட்டுத்தான் கையை எடுத்தாங்க. மறுபடி அமுக்கினாங்க, திருப்பினாங்க. கால் திருப்பு, அவ்வளவுதான் வந்துது. வண்டியைக் கொஞ்சம் ஓட விட்டு, நிறுத்தி, இன்னொரு தடவை அமுக்கிப் பாத்தாங்க. நான் ரோட்டுல நின்னு குதிக்காத குறைதான். உள்ள உக்காந்திருந்தவர் கண்ணாடியை இறக்கி, "நல்லா பாத்துக்கட்டும் விடு, சைரன்"ன்னார்.

மலை ஏறினோம். பாதி வழியில, ரொம்பக் கடுமையான ஏத்தத்துல, ஒரு லாரி பானெட்டைத் திறந்துக்கிட்டு ஆவி கக்கிக்கிட்டு நின்னுது. டிரைவர் காலி கேனோட தண்ணி தேடிப் போய்க்கிட்டிருந்தார். அதைத் தாண்டினோம். எங்க வண்டியோட சூடு காட்டற முள்ளு நடுவுலயே நின்னுது, அசையலை. நாத்தனார் லாரியையும் பாத்தாங்க, முள்ளையும் பாத்தாங்க. "நான் அப்பவே சொன்னேன்ல"ன்னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, அவங்க வாயிலேருந்து வரலை. அவங்க இடத்துல நான் இருந்திருந்தா ஊரைக் கூட்டிச் சொல்லிக் காட்டியிருப்பேன். அந்தச் சொல்லாத வார்த்தைக்கே அவங்களுக்குக் கோயில் கட்டலாம்.

ஆஸ்பத்திரி வாசல்ல சக்கர நாற்காலியோட காத்துக்கிட்டிருந்தாங்க. பேர் பதிஞ்ச அதே அம்மா வந்து, "வந்துட்டீங்களா, நல்லவேளை"ன்னு அவரை உக்கார வெச்சு விறுவிறுன்னு தள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க. ரத்தம் எடுத்தாங்க, பரிசோதனை பண்ணாங்க, பொருந்துதுன்னாங்க. அப்புறம் பெரிய கதவு ஒண்ணு திறந்துது, அவர் உள்ள போனார், கதவு சாத்திக்கிச்சு.

வராந்தாவுல நீளமா ஒரு பெஞ்சு. நாங்க ரெண்டு பேரும் உக்காந்தோம். நடுவுல அவர் இடம் காலியா இருந்துது. கொஞ்ச நேரம் பாத்தேன். அப்புறம் நகந்து அவங்க பக்கத்துல போய் ஒட்டி உக்காந்துட்டேன்.

அப்பத்தான் அவங்க கையைப் பாத்தேன். முழங்கைக்குக் கீழ தோல் வழண்டு சிவந்து கிடந்துது. எழுந்து போய் நர்ஸ்கிட்ட மருந்து கேட்டு வாங்கிட்டு வந்து தடவினேன். வேண்டாம்னு கையை இழுத்தாங்க. நான் விடலை.

"அண்ணி, நீங்க நல்லா இருக்கணும். நீங்க இல்லைன்னா இன்னைக்கு நாங்க மலையிலதான் நின்னுக்கிட்டிருப்போம். நான் உங்களை என்னென்னமோ பேசிட்டேன். மனசுல இருந்து சொல்றேன், ரொம்ப நன்றி அண்ணி."

"போதும் போதும், ஒரு பெல்ட்டுக்குப் போய்"ன்னாங்க. அப்புறம் என்னைப் பாக்காம, சாத்தின கதவைப் பாத்துக்கிட்டே சொன்னாங்க. "முதல்ல என் கிட்னியைத்தான் கொடுக்கறேன்னு வந்து கேட்டேன். உங்க ரெண்டு பேருக்கும் தெரியாம. எல்லாப் பரிசோதனையும் பண்ணிட்டு, உனக்குச் சர்க்கரை இருக்கு, ஆகாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் அவனுக்குக் கொடுக்க என்கிட்ட வேற என்னம்மா இருக்கு? அந்த வண்டிதான். அதுலதான் அவன் போயாகணும். அதான் வந்து வந்து பாத்தேன்."

அவங்க தோள்ல சாஞ்சுட்டேன். காக்கிச் சட்டையில கிரீஸ் வாசனை அடிச்சுது. அவங்க நகரலை.

வெளிய வெயில் சாஞ்சுது. ஆளுங்க வந்தாங்க போனாங்க. எங்க ரெண்டு பேருக்கும் டீ வாங்கிட்டு வந்தேன், ரெண்டு பேருமே குடிக்கலை. கடைசியா அந்தக் கதவு திறந்து ஒரு நர்ஸ் எட்டிப் பாத்தாங்க. அவர் பேரைச் சொல்லி யாருன்னு கேட்டாங்க. ரெண்டு பேரும் ஒண்ணா எழுந்தோம்.

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. கிட்னி வேலை செய்ய ஆரம்பிச்சுடுச்சு"ன்னு சிரிச்சாங்க. "யூரின் வருது. பை நிறையுது."

எத்தனை நாள்! எத்தனை நாளா ஒரு சொட்டு போகாத மனுஷன்! நான் நாத்தனாரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, "மூத்திரம் வருது அண்ணி! மூத்திரம் வருது!"ன்னு அந்த வராந்தா முழுக்கக் கேக்கற மாதிரி கத்தினேன். வெக்கமாவது மானமாவது! உலகத்துல இதைவிட நல்ல சேதி எனக்கு யாரும் சொன்னதில்ல. நாத்தனாருக்குக் கண்ணுலேருந்து கொட்டுது, வாய் சிரிக்குது. "பை நிறையுதாம், பை நிறையுதாம்"னு அவங்களும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க.

அப்புறம் திடீர்னு என் வாயை அவங்க கையால பொத்தினாங்க.

"மெல்ல. மெல்லம்மா. கொடுத்தவங்க வீட்டு ஆளுங்க இங்கதான் எங்கயாவது இருப்பாங்க."

எனக்கு அப்பத்தான் அது உறைச்சுது. காலையில ஃபோன் வந்ததுலேருந்து வண்டி, மலை, பெல்ட்டு, நேரம்னு ஓடினேனே தவிர, 'கிட்னி கிடைச்சிருக்கு'ன்னா என்னன்னு நினைச்சே பாக்கலை. எங்க வீட்டுக்கு அந்த ஃபோன் வர்றதுக்கு முன்னாடி, இன்னொரு வீட்டுக்கு ஒரு ஃபோன் போயிருக்கும். நாங்க இங்க தூங்கிக்கிட்டிருந்த நேரத்துல, அங்க யாரோ ஒருத்தர் அழுதுக்கிட்டே சரின்னு தலையாட்டி, ஒரு கையெழுத்து போட்டிருப்பாங்க. அம்மாவா, பொண்டாட்டியா, அண்ணனா, யாருன்னு தெரியாது. முன்னப்பின்ன தெரியாத எங்களுக்காகப் போட்டிருப்பாங்க.

நர்ஸ்கிட்ட கேட்டேன். "அதைச் சொல்லக் கூடாதும்மா"ன்னு என் கையைத் தட்டிக் கொடுத்துட்டுப் போயிட்டாங்க.

யாருக்குன்னு போய் நன்றி சொல்றது? நான் அந்த வராந்தாவுல நடுவுல போய் நின்னுக்கிட்டேன். லிஃப்ட்லேருந்து ஒரு குடும்பம் வந்துது, கும்பிட்டேன். கையில துணிப்பையோட ஒரு அம்மா தனியா போனாங்க, கும்பிட்டேன். செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு ஒருத்தர் சுவத்தைப் பிடிச்சுப் பிடிச்சு நடந்து போனார், அவரையும் கும்பிட்டேன். தரை துடைக்கிறவங்க, ஸ்ட்ரெச்சர் தள்ளறவங்க யாரையும் விடலை. எல்லாரும் ஒரு மாதிரியா பாத்துக்கிட்டுப் போனாங்க. பாத்தா பாத்துட்டுப் போகட்டும். நாத்தனாரும் எழுந்து வந்து, மருந்து தடவின கையோட, என் பக்கத்துல நின்னு கும்பிட்டாங்க.

வயசான ஒரு பெரியவர் மட்டும் நின்னார். கண்ணெல்லாம் வீங்கியிருந்துது. "யாரும்மா நீ? என்னை உனக்குத் தெரியுமா?"ன்னு கேட்டார்.

"தெரியலைங்க ஐயா"ன்னேன்.

என்னையும் அவங்களையும் கொஞ்ச நேரம் மாறி மாறிப் பாத்தார். "உள்ள யாரு?"ன்னார்.

"என் வீட்டுக்காரர். பொழைச்சுக்கிட்டார்"ன்னேன்.

"நல்லா இருக்கட்டும்"னு என் தலையில கையை வெச்சார். அந்தக் கையை அவர் எடுக்க ரொம்ப நேரம் ஆச்சு.